விளக்கடியில் வரும் மஞ்சள் பூச்சி

கார்த்திகை, மார்கழி மாதங்களில் வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களில் மாலை விளக்கு வைத்த பிறகு திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். விளக்கைச் சுற்றிப் பலவகைப் பூச்சிகள் பறக்கும். அவற்றுள் மஞ்சள் நிறத்தில், இறக்கைகளைக் கூரை போல் மடித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் சிறு அந்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் முன் இறக்கை ஒவ்வொன்றின் நடுவிலும் மை தொட்டு வைத்தாற்போல ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும். காலையில் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் வயலுக்கு வரப்போகும் ஆபத்தைப் பத்து நாள் முன்னதாக நம் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போவது அந்தப் பூச்சிதான். அதுவே நெல் குருத்துப் பூச்சியின் தாய். தண்டுத் துளைப்பான் என்று சொல்வதும் இதைத்தான்.

இந்தச் சேதியைக் கவனியாமல் விட்டால் என்ன ஆகும் என்பது சம்பா விவசாயிக்குத் தெரியாததல்ல. பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். கதிர் வாங்கும். கதிர்கள் எல்லாம் மெல்லத் தலை சாய்க்கத் தொடங்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று விறைத்து நிற்கும். மறுநாளே கடைக்கு ஓடி மருந்து வாங்கி வந்து தெளிப்போம்.

“என்னண்ணே, நேத்துத்தானே மருந்து அடிச்சீங்க?”

“அடிச்சு என்ன தம்பி, வெளுத்த கதிரு வெளுத்ததுதானே!”

வரப்புகளில் ஆண்டுதோறும் கேட்கும் பேச்சு இது. அந்த அண்ணன் சொல்வது முற்றிலும் உண்மை. வெளுத்த கதிரில் மணி பிடிக்க வைக்கும் மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. மருந்துச் செலவு, ஆள் கூலி இரண்டும் போனதுதான் மிச்சம். இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை எந்த மருந்து என்பதைவிட எந்த நாள் என்பதே முக்கியம். அந்த நாளை அறிய வேண்டுமானால் பூச்சியின் வாழ்க்கையை அறிந்திருக்க வேண்டும்.

முட்டையிலிருந்து பூச்சி வரை

இதன் விஞ்ஞானப் பெயர் ஸ்கிர்ப்போபேகா இன்செர்ட்டுலாஸ். வாக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியல் அறிஞர் 1863-ஆம் ஆண்டில் இதற்குப் பெயர் சூட்டினார். இந்தியா, இலங்கை, வங்கதேசம், தாய்லாந்து, வியட்நாம், பிலிப்பைன்ஸ் என நெல் விளையும் ஆசிய நாடுகள் பலவற்றில் இது உண்டு.

பெண் பூச்சிக்குத்தான் மஞ்சள் நிறமும் கறுப்புப் புள்ளியும் எடுப்பாகத் தெரியும். வால் நுனியில் மஞ்சள் மயிர்க் கற்றை இருக்கும். ஆண் பூச்சி அளவில் சிறியது, நிறம் மங்கல். பகலில் இவை பயிருக்குள் ஒளிந்திருக்கும். இருட்டியதும் பறந்து இணை சேரும். ஒரு வாரம், பத்து நாளுக்கு மேல் உயிர் வாழ்வதில்லை. அதற்குள் ஒரு பெண் பூச்சி 100 முதல் 200 முட்டை வரை இட்டுவிடும்.

முட்டைகளைத் தனித்தனியாக இடுவதில்லை. நெல் இலையின் நுனிப் பக்கத்தில் குவியலாக இட்டு, தன் வால் மயிரை உதிர்த்து அதன் மேல் போர்வை போல் மூடிவிடும். வெளிர் பழுப்பு நிறத்தில், இலையில் ஒட்டிய சிறு பஞ்சுத் துணுக்குப் போல் இது தெரியும். ஒரு குவியலில் 15 முதல் 80 முட்டை வரை இருக்கலாம்.

முட்டை 5 முதல் 8 நாளில் பொரிக்கும். வெளிவரும் புழு நூலிழை அளவே இருக்கும். தலை மட்டும் கருமையாக இருக்கும். இலை நுனியிலிருந்து மெல்லிய நூல் விட்டுத் தொங்கும். காற்று அடித்தால் அடுத்த குத்துக்குப் போய்ச் சேரும். தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து போய் வேறு பயிரில் ஏறிக்கொள்ளும். முதலில் இலையுறைக்குள் புகுந்து இரண்டு மூன்று நாள் தின்றபின் தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும்.

இந்த இடத்தை விவசாயிகள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கில் பூச்சி தென்பட்ட நாளிலிருந்து புழு தண்டுக்குள் நுழையும் நாள் வரை ஏறக்குறைய பத்து நாள்தான் நமக்கு உள்ள அவகாசம். உள்ளே போன புழு கதவைச் சாத்திக்கொண்ட மாதிரிதான். இலை மேல் தெளிக்கும் மருந்து அதன் மேல் படாது.

தண்டுக்குள் 30 முதல் 40 நாள் வரை புழு தின்று வளரும். பெரும்பாலும் ஒரு தண்டுக்கு ஒரு புழுதான் இருக்கும். ஒரு தண்டு தீர்ந்தால் அடுத்த தண்டுக்கும் போகும். முற்றிய புழு சுமார் 20 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கூட்டுப்புழு ஆவதற்கு முன் தண்டின் அடிப்பாகத்துக்கு இறங்கி, பூச்சியாக வெளியேறுவதற்கு வேண்டிய துளையை இப்போதே போட்டு, அதை மெல்லிய படலத்தால் மூடி வைக்கும். பிறகு வெண்பட்டுக் கூட்டுக்குள் 6 முதல் 10 நாள் உறங்கி, பூச்சியாக வெளிவரும். முட்டை முதல் பூச்சி வரை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 நாள் ஆகிறது. ஆகவே குறுவையில் இரண்டு தலைமுறையும், நீண்ட காலச் சம்பாவில் மூன்று தலைமுறையும் எடுக்க முடியும்.

இரண்டு வகைச் சேதம்

தூர் கட்டும் பருவத்தில் புழு தண்டைத் துளைத்தால் நடுக்குருத்து மட்டும் வாடிப் பழுப்பாகிக் காயும். சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருக்கும். காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அடிப்பக்கம் தின்ற அடையாளம் தெரியும்.

கதிர் வெளிவரும் சமயத்தில் துளைத்தால் கதிரின் காம்பு உள்ளேயே அறுபடும். கதிர் வெளுத்து, மணி பிடிக்காமல், விறைப்பாக நிற்கும். இதுவே வெண்கதிர். இதையும் இழுத்தால் எளிதில் கையோடு வரும்.

வேறு சிலவற்றை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. கழுத்துக் குலைநோயில் கதிரின் கழுத்து கறுத்திருக்கும். இழுத்தால் அப்படி எளிதில் வராது. ஆனைக்கொம்பன் தாக்கினால் குருத்து வெங்காயத் தாள் போல் குழாயாக நீளும். எலி வெட்டினால் தூரே சாய்வாக அறுபட்டுக் கிடக்கும். சேதத்தை அறியாமல் மருந்து வாங்குவது நோயை அறியாமல் வைத்தியம் செய்வது போன்றதுதான்.

இந்த இரண்டு வகைச் சேதத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தூர் கட்டும் பருவத்தில் சில குருத்துகள் காய்ந்தால் பயிர் புதுத் தூர் விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். அதனால் நான்கு குருத்து காய்ந்ததைக் கண்டு பதற வேண்டியதில்லை. வெண்கதிருக்கு அந்த ஈடு கிடையாது. ஒரு கதிர் போனால் போனதுதான். எனவே பயிரின் வாழ்நாளில் நம் கண் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய காலம் பொதிப் பருவத்துக்குச் சற்று முன்பிருந்து கதிர் வெளிவரும் வரை.

நம் பட்டமே அதன் பட்டம்

குருத்துப் பூச்சிக்கு நெல்லைத் தவிர வேறு பயிர் வேண்டியதில்லை. காட்டு நெல் போன்ற நெல்லின் உறவுகளை விட்டால் வேறு எதிலும் அது பெருகுவதில்லை. அப்படியானால் அதை ஊட்டி வளர்ப்பது யார்? நாமேதான்.

டெல்டாவில் நடப்பதைப் பாருங்கள். பம்புசெட் வைத்திருப்பவர் முன்பட்டமாகக் குறுவை நடுகிறார். ஆற்றுத் தண்ணீரை நம்பியவர் மேட்டூர் திறந்து, தண்ணீர் குடமுருட்டிக்கும் அதன் வாய்க்கால்களுக்கும் வந்து சேர்ந்த பிறகு நாற்று விடுகிறார். கடைமடைக்காரர் அதற்கும் பின்னால். பக்கத்திலேயே ஒருவர் ஒருபோகச் சம்பா போடுகிறார். ஒரு வயலில் பயிர் முற்றும்போது அடுத்த வயலில் இளம் பயிர் தயாராக நிற்கிறது. பூச்சிக்கு விருந்து நடந்துகொண்டே இருக்கிறது.

குறுவைத் தாளை மடக்கி உழுது அந்த வயலிலேயே நடுவதுதான் தாளடி. அந்தத் தாளுக்குள்ளேதான் குறுவைப் புழுவும் கூட்டுப்புழுவும் இருக்கின்றன. புரட்டாசியில் அறுத்த வயலில் தாள் சும்மா நின்றால், அதிலிருந்து புறப்படும் பூச்சி நேரே போய் உட்காருவது பக்கத்திலுள்ள தாளடி நாற்றங்காலில்தான். நாற்றின் நுனியில் முட்டை ஏறுகிறது. அந்த நாற்றை நாமே முடி கட்டிக் கொண்டுபோய் வயல் முழுவதும் பரப்பி நடுகிறோம்.

1960-களில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் சேர்ந்து, ஆடுதுறை 27, ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள் வந்து, இருபோகமும் உரமும் பெருகின. நெல்லும் கூடியது, பூச்சிக்குச் சாப்பாடும் கூடியது. குருத்துப் பூச்சியைத் தாங்கும் தன்மைக்காகத் திரூர்க்குப்பத்தின் டி.கே.எம்.6 ரகத்தைப் பெற்றோராக வைத்தே பிலிப்பைன்ஸ் நாட்டுச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர்.20 ரகத்தை உருவாக்கி 1969-ல் வெளியிட்டது. நம் நாட்டு நெல் செய்த உதவி அது. என்றாலும் இப்பூச்சியை முற்றிலும் எதிர்க்கும் ரகம் இன்றுவரை விவசாயி கைக்கு வரவில்லை. ஆகவே ரகத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நாற்றங்காலிலிருந்து தொடங்குங்கள்

நாற்றங்காலில் முட்டைக் குவியலைப் பார்ப்பது எளிது. இலை நுனிகளைக் கவனித்து, பஞ்சுத் துணுக்குப் போல் தெரிபவற்றைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். நாற்றுப் பறித்து முடி கட்டும்போது நுனியைச் சிறிதளவு கிள்ளிவிட்டு நடுவதும் நல்ல வழக்கம். ஆனால் பாக்டீரியா இலைக்கருகல் காணும் இடங்களில் நுனி வெட்டக் கூடாது. வெட்டுவாய் வழியே நோய் நுழையும். அங்கே முட்டை உள்ள நாற்றை மட்டும் பொறுக்கிக் கிள்ளினால் போதும்.

நடவில் மிக நெருக்கம் வேண்டாம். யூரியாவை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் கருகருவென்று வளரும் பயிரைத் தாய்ப் பூச்சி தேடி வந்து முட்டையிடும். மேலுரத்தைப் பிரித்து, இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவது உரச் செலவையும் குறைக்கும், பூச்சியையும் குறைக்கும்.

எண்ணிப் பார்த்துச் செலவு செய்யுங்கள்

நட்ட 20-ஆம் நாள் முதல் வாரம் ஒரு முறை வயலில் இறங்கி நடக்க வேண்டும். வரப்பில் நின்று பார்ப்பது போதாது. மூலைக்கு மூலை நடந்து, ஆங்காங்கே சில குத்துகளில் மொத்தத் தூர்களையும், காய்ந்த குருத்துகளையும் எண்ணுங்கள். 100 தூருக்கு 10 குருத்துக்கு மேல் காய்ந்திருந்தால் மட்டுமே மருந்து பற்றி யோசிக்க வேண்டும். முட்டைக் குவியல் கணக்கில் சதுர மீட்டருக்கு 2 இருந்தால் அது அபாய எல்லை.

சதுர மீட்டருக்கு இரண்டுதானே என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு மா நிலத்துக்கு ஏறக்குறைய 2,600 குவியல் ஆகிறது. குவியலுக்கு 50 முட்டை என்று வைத்தாலும் 1 லட்சத்து 30 ஆயிரம் முட்டை!

முட்டையைத் தின்னும் நண்பர்கள்

இத்தனை முட்டையும் பொரித்துப் புழுவானால் டெல்டாவில் ஒரு மணி நெல் மிஞ்சாது. மிஞ்சுவதற்குக் காரணம் நம் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் சில உயிர்கள். பச்சை நிறத்தில் நீண்ட மீசையோடு நெல் இலையில் உட்காரும் ஒருவகை வெட்டுக்கிளி முட்டைக் குவியலையே கடித்துத் தின்கிறது. தட்டான், சிலந்தி, தவளை, இரட்டைவால் குருவி எல்லாம் தாய்ப் பூச்சியைப் பிடிக்கின்றன. இரட்டைவால் குருவி வந்து உட்கார ஏக்கருக்குச் சில இடங்களில் கிளைக் குச்சிகளை நட்டு வைத்தால் போதும். கதிர் முற்றும் சமயத்தில் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு அழிக்கும் மிகச் சிறிய குளவிகளும் உண்டு. அவற்றில் டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் என்பதை அட்டைகளில் ஒட்டித் தருகிறார்கள். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2 சி.சி. அளவு போதும். நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளுமாக இரண்டு முறை, விளக்கில் பூச்சி தென்படத் தொடங்கியதும், அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி வயலில் பரவலாக இலையின் அடிப்பக்கம் கட்ட வேண்டும். வெயில் ஏறுமுன் காலையிலோ, மாலையிலோ கட்டுவது நல்லது. வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கட்டும் சமயத்தில் பூச்சிமருந்து தெளித்தால் குளவிதான் முதலில் சாகும்.

விளக்குப் பொறி, கவர்ச்சிப் பொறி

வயலோரத்தில் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அடியில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சிறிது மண்ணெண்ணெய் கலந்து வையுங்கள். இரவு 7 மணி முதல் 10 மணி வரை எரிந்தால் போதும். விடிய விடிய எரித்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் விழும். காலையில் மஞ்சள் பூச்சிகளை எண்ணி ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். பௌர்ணமியை ஒட்டி விளக்கில் விழுவது குறையும். அதைக் கண்டு பூச்சி ஒழிந்தது என்று ஏமாறக் கூடாது.

பெண் பூச்சியின் மணத்தைச் செயற்கையாகத் தயாரித்து ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் இப்போது கிடைக்கிறது. நடமாட்டத்தைக் கண்டறிய ஏக்கருக்கு 2 பொறி போதும். கவர்ந்து அழிக்க வேண்டுமானால் 8 பொறி வைக்க வேண்டும். ஒரே வயலில் மட்டும் வைப்பதைவிட ஒரு வாய்க்கால் பாசனப் பரப்பு முழுவதும் வைத்தால் பலன் கூடும்.

மருந்து கடைசியில்

முட்டைக் குவியல் தென்படும் சமயத்தில் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதம் தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் சேர்த்து, ஒட்டும்படி சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும்.

அபாய எல்லையைத் தாண்டினால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 0.4 சதக் குருணையை ஏக்கருக்கு 4 கிலோ வீதம் மணலுடன் கலந்து இடலாம். வயலில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் இருக்க வேண்டும். மூன்று நான்கு நாள் தண்ணீரை வடிக்கக் கூடாது. முன்பு பழக்கத்தில் இருந்த போரேட் குருணை 2020-ஆம் ஆண்டு இறுதியோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய சரக்கைக் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

கண்ட மருந்தையும் அடிக்கடி தெளித்தால் சிலந்தியும் குளவியும் மடிந்து, புகையான் வந்து சேரும். இந்தோனேசியாவில் இப்படிப் புகையான் பெருகி நெல் பாழானதால், 1986-ல் நெல்லுக்குப் பயன்பட்ட 57 வகைப் பூச்சிமருந்துகளை அந்த நாட்டு அரசே தடை செய்ய நேர்ந்தது.

தாளைக் கவனியுங்கள்

அறுவடையில் எவ்வளவு தாழ அறுக்க முடியுமோ அவ்வளவு தாழ அறுக்க வேண்டும். புழு அடித்தண்டில் இருப்பதால், உயரத்தில் அறுக்கும் இயந்திரம் அதைப் பத்திரமாக வயலிலேயே விட்டுப் போகிறது. வாடகை பேசும்போதே தாழ அறுக்கச் சொல்லிவிடுங்கள். குறுவை அறுத்தவுடன் தாளை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால் உள்ளே இருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் பெருமளவு மடியும்.

சம்பா, தாளடி வயலில் ஒரு சங்கடம் உண்டு. தையில் அறுப்புக்கு முன்பே உளுந்து தெளித்துவிடுகிறோம். அதன் பிறகு உழ முடியாது. உளுந்தை விடவும் முடியாது. சிறு விவசாயிக்குக் கைச்செலவுக்கு வரும் பணம் அது. ஆகவே உளுந்து உள்ள வரை மறுதாம்பு துளிர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக்காவடி நடக்கும் பங்குனியை ஒட்டி உளுந்து எடுத்தானதும், காத்திராமல் கோடை உழவு போட்டுத் தாளைப் புரட்டிவிட வேண்டும்.

ஒருவர் செய்தால் போதாது

ஜாவாத் தீவில் இதே இனத்தைச் சேர்ந்த வெண் குருத்துப் பூச்சி உண்டு. மழை தொடங்கியபின் தாளிலிருந்து பூச்சி கூட்டமாகப் புறப்படும் காலத்தை வான் டர் கூட் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் 1920-களில் கணித்தார். அந்தக் கூட்டம் பறந்து ஓயும் வரை நாற்று விடுவதைத் தள்ளிப் போட்டால் சேதம் குறையும் என்று கண்டார். முட்டையிட நெல் இல்லாதபோது பூச்சி வீணாகச் செத்தது. மருந்து இல்லாமலே கிடைத்த பலன் அது.

நம் ஊரில் எல்லோரும் ஒரே நாளில் நடுவது நடக்காத காரியம். தண்ணீர் வரும் நாளும், ஆள் கிடைக்கும் நாளும் நம் கையில் இல்லை. ஆனால் ஒரே வாய்க்காலில் பாயும் நிலத்துக்காரர்கள் கூடிப் பேசி, இரண்டு மூன்று வாரத்துக்குள் நடவை முடிப்பது முடியாததல்ல. அறுத்த தாளை ஒருவர் உழுது, பக்கத்து வயலில் தாள் நின்றால் பலன் பாதிதான். பூச்சிக்கு வரப்பு தெரியாது.

ஒட்டுண்ணி அட்டை, பொறி, மருந்தளவு பற்றிய ஐயங்களுக்கு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, நீடாமங்கலம் வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, ஆடுதுறைத் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகலாம். காய்ந்த குருத்தைத் தூரோடு எடுத்துச் சென்று காட்டினால் சரியான யோசனை கிடைக்கும்.

இன்று மாலை விளக்கு வைத்ததும் சுவரைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி வைத்த மஞ்சள் பூச்சி இருந்தால், நாளைக் காலை கடைக்குப் போக வேண்டாம்; வயலுக்குப் போய் இலை நுனிகளைப் பாருங்கள். இன்னும் பத்து நாள் உங்கள் கையில் இருக்கிறது.